வீட்டில் இருக்கும் மான் கொம்பு, புலி நகம், பாடம் செய்த தலை: சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

பரணில் கிடக்கும் மான் கொம்பு, சங்கிலியில் கோத்த புலி நகம், கூடத்துச் சுவரில் மாட்டிய காட்டெருமைத் தலை, கடற்கரையில் ஒதுங்கிய அம்பர்கிரிஸ் (திமிங்கலத்தின் குடலில் உருவாகும் பொருள்) கட்டி. இவை எல்லாவற்றுக்கும் பொருந்துவது ஒரே சட்டம்தான்: வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. இறந்த விலங்கைப் பாடம் செய்து வைக்கும் டாக்ஸிடெர்மி தொழிலும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறது. பெரிய திருத்தம் ஒன்று 2022இல் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளில் உள்ள அட்டவணை எண்களையும் அபராதத் தொகைகளையும் நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

"நான் வேட்டைக்கே போனதில்லை, இது தாத்தா காலத்துப் பொருள்" என்று சொல்லித் தப்ப முடியாது. பொருள் உங்கள் கைவசம் இருப்பது நிரூபணமானால், அதை நீங்கள் சட்டவிரோதமாக வைத்திருக்கிறீர்கள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. இதைச் சொல்வது 57ஆம் பிரிவு. மற்ற குற்ற வழக்குகளில் அரசுத் தரப்பு சுமக்கும் பாரத்தை இங்கே நீங்கள் சுமக்கிறீர்கள். கீழே வரும் படிகளில் காகிதத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

படி 1: பொருள் என்ன என்று அடையாளம் காணுங்கள்

சட்டத்தில் 'டிராஃபி' என்ற சொல்லுக்கு வரம்பு மிகப் பெரிது. தோல், பாடம் செய்த முழு உடல் அல்லது தலை, கொம்பு, எலும்பு, ஓடு, முடி, இறகு, நகம், பல், தந்தம், கஸ்தூரி, முட்டை, கூடு, தேன்கூடு எல்லாம் அதில் அடங்கும். பாடம் செய்யப்படாத நிலையில் இருந்தால், அதாவது புதிதாகச் செத்த விலங்கு, பச்சைத் தோல், அம்பர்கிரிஸ் போன்றவை என்றால், அது 'பதப்படுத்தாத டிராஃபி'. மோதிரம், கத்திப்பிடி, தூரிகை என்று ஏதாவது செய்திருந்தால் அது 'விலங்குப் பொருள்'. யானை முடி மோதிரமும் கீரி முடி தூரிகையும் இந்த வகை. ஒரு துண்டு இருந்தாலும் போதும், முழுப் பொருளாகவே சட்டம் அதைப் பார்க்கும்.

இப்போது அட்டவணைகள். திருத்தத்துக்குப் பிறகு விலங்குகளுக்கு இரண்டே அட்டவணைகள். முதலாவதில் அதிகபட்சப் பாதுகாப்பு உள்ளவை: புலி, சிறுத்தை, யானை, கரடி, காட்டெருமை, வரையாடு, வெளிமான், மயில், உடும்பு, கடல் அட்டை, திமிங்கலம் முதலானவை. இரண்டாவதில் காட்டுப்பன்றி, காட்டு முயல், பச்சைக்கிளி என்று நீண்ட பட்டியல். மூன்றாவது தாவரங்களுக்கு. நான்காவது, சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் வரும் வெளிநாட்டு உயிரினங்களுக்கு. காகம், எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றை 'தீங்குயிர்' என்று வைத்திருந்த பழைய ஐந்தாம் அட்டவணையே இப்போது கிடையாது. "அது தீங்குயிர்தானே, சுட்டால் என்ன" என்று இன்னமும் சிலர் சொல்வது பழைய நினைப்பு. 62ஆம் பிரிவின்கீழ் குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டால் மட்டுமே ஒரு விலங்கு அந்தப் பெயரைப் பெறும்.

மானின் கொம்பும் மற்ற விலங்குகளின் கொம்பும் ஒன்றல்ல. புள்ளிமான், கடமான் இரண்டுக்கும் கிளைவிட்ட, உள்ளே கெட்டியான கொம்பு; ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். வெளிமான், காட்டெருமை, வரையாடு ஆகியவற்றின் கொம்பு உள்ளே குழியானது, உதிராது. எனவே குழிக்கொம்பு கையில் இருந்தால் அந்த விலங்கு செத்துத்தான் அது வந்திருக்க வேண்டும். கிளைக்கொம்பாக இருந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சு முடிச்சான வளையத்துக்குக் கீழே சற்றுப் புடைத்து, சொரசொரப்பாக முடிந்தால் அது தானாக உதிர்ந்தது. வளையத்துக்குக் கீழே எலும்புக் காம்பும் மண்டையோட்டுத் துண்டும் ஒட்டியிருந்தால் அது வெட்டி எடுத்தது. விசாரிக்க வரும் அலுவலர் முதலில் பார்ப்பதும் இந்த இடத்தைத்தான். ஆனால் உதிர்ந்த கொம்பு என்பதாலேயே அது சட்டபூர்வமாகிவிடாது. வழக்கின் தன்மைதான் மாறும்.

தந்தத்துக்கு வேறு சோதனை. வெட்டுமுகத்தைச் சுத்தம் செய்து பார்த்தால் குறுக்குநெடுக்காக ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். வெளி ஓரத்தில் அவை சந்திக்கும் கோணம் 115 பாகைக்கு மேல் இருந்தால் இன்றைய யானை. 90க்குக் கீழே என்றால் அழிந்துபோன மாமத். கோடுகளே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் பிளாஸ்டிக்காகவோ எலும்பாகவோ இருக்கலாம். சந்தையில் சுற்றும் புலி நகங்களில் பெரும்பகுதி மாட்டுக்கொம்பில் இழைத்தவை. 'நரிக்கொம்பு' என்று விற்பதும் பெரும்பாலும் போலிதான். இருந்தாலும் போலி என்று நீங்களாகவே முடிவு கட்டிக் குப்பையில் போட வேண்டாம். வண்டலூரில் உள்ள உயர்நிலை வனஉயிரினப் பாதுகாப்பு நிறுவனம், டேராடூனில் உள்ள இந்திய வனஉயிரின நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வுக்கூட அறிக்கை கிடைக்கும். வழக்கமாக வனத்துறை வழியாகத்தான் மாதிரி போகும்.

மயில் தோகை மட்டும் விலக்கு. தானாக உதிர்ந்த தோகை இறகை வைத்திருக்கலாம், உள்நாட்டில் விற்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உதிர்ந்த இறகின் அடிக்காம்பு காய்ந்து வெளிறி இருக்கும். பிடுங்கிய இறகின் காம்பில் இரத்தமும் திசுவும் கறுத்து ஒட்டியிருக்கும். இந்த விலக்கு தோகைக்கு மட்டும்தான். மயிலின் தலை, கால், கொண்டை, பாடம் செய்த முழு மயில் எதற்கும் அது பொருந்தாது.

படி 2: காகிதத்தைத் தேடுங்கள்

நீங்கள் தேடுவது உரிமைச் சான்றிதழ். 42ஆம் பிரிவின்கீழ் மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் வழங்குவது அது. இப்படி ஒரு சான்றிதழ் இருந்திருக்க இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு.

முதலாவது, சட்டம் மாநிலத்தில் அமலுக்கு வந்தபோது. அன்று கைவசம் இருந்த பொருட்களை 30 நாட்களுக்குள் அறிவிக்கச் சொன்னார்கள். இரண்டாவது, 2003. அந்த ஆண்டு ஏப்ரல் 18இல் வந்த விதிகள், அதுவரை அறிவிக்காதவர்களுக்கு 180 நாள் அவகாசம் தந்தன. அந்தக் கதவு மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னொரு பொதுமன்னிப்பு வரும் என்று காத்திருந்து பொருளைப் பூட்டி வைப்பது வீண்.

பழைய டிரங்குப் பெட்டி, வங்கி லாக்கர், பத்திரக் கட்டு, உயில் இணைப்பு எல்லாவற்றையும் அலசுங்கள். கிடைக்கும் எல்லாமே ஒரே மதிப்புள்ளவை அல்ல:

உரிமைச் சான்றிதழ் – இது இருந்தால் வைத்திருக்கும் உரிமை உண்டு. அதில் உள்ள எண்ணும் பொருளின் மேல் உள்ள அடையாளக் குறியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குறியை அழிப்பதும் போலியாக இடுவதும் தனிக் குற்றம்.

அறிவிப்பு கொடுத்ததற்கான ஒப்புகை – சான்றிதழ் அல்ல, ஆனால் பலமான ஆதாரம். அலுவலகக் கோப்பைத் தேடச் சொல்ல இது உதவும்.

பழைய வேட்டை உரிமம், துப்பாக்கி உரிமம், புகைப்படம் – பொருள் எந்தக் காலத்தது என்று காட்டும். நீலகிரியில் 1879ஆம் ஆண்டு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கொடுத்த உரிமங்கள் சில குடும்பங்களிடம் உண்டு. அவை சான்றிதழுக்கு ஈடாகாது.

பாடம் செய்த நிறுவனத்தின் முத்திரை – தென்னிந்திய வீடுகளில் இருக்கும் பழைய புலி, சிறுத்தைத் தலைகளில் நிறைய மைசூர் வான் இங்கன் நிறுவனத்தில் பாடம் செய்தவை. 1900 வாக்கில் தொடங்கி நூற்றாண்டின் கடைசி வரை இயங்கியது அது. "வான் இங்கன் முத்திரை இருக்கிறது, அதனால் லீகல்" என்பது ஏலக்காரர்கள் பரப்பிய கதை. முத்திரை சொல்வது செய்தவர் யார் என்பதை மட்டும்.

படி 3: சான்றிதழ் இருந்தால்

சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் அது செல்லும். அவர் காலமானதும், வாரிசு 90 நாட்களுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடமோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வரவே மாதக்கணக்கில் ஆகிறது. அது வந்த பிறகு கொடுக்கலாம் என்று இருந்தால் 90 நாள் ஓடிவிடும். இறப்புச் சான்றிதழ் வந்தவுடனேயே அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். "வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் உள்ளது, பின்னர் இணைக்கப்படும்" என்று ஒரு வரி எழுதி, விண்ணப்ப எண்ணைச் சேர்த்தால் போதும்.

தமிழ்நாட்டில் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அலுவலகம் சென்னை கிண்டியில் வனத்துறைத் தலைமையகத்தில் இருக்கிறது. நேரடியாக அங்கே எழுதினாலும், நகலை உங்கள் மாவட்ட வன அலுவலருக்கும் அனுப்புங்கள். பார்வையிட வரப்போவது அவருடைய ரேஞ்சர்தான்.

அறிவிப்புக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: இறந்தவர் பெயர், இறந்த நாள், உங்களுக்கு உள்ள உறவு, பொருளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தனி எண், விலங்கின் பெயர், அளவு, பொருள் இருக்கும் முகவரி, பழைய சான்றிதழின் எண்ணும் நாளும். அளவைச் சரியாக எடுங்கள். கொம்புக்கும் தந்தத்துக்கும் வெளிவளைவு வழியாக நூல் பிடித்து நீளம், அடிச்சுற்றளவு, எடை. தோலுக்கு மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை, பிறகு குறுக்கே அதிகபட்ச அகலம். நான்கு பக்கமும் படம், ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் தெரிய வேண்டும். நகமோ பல்லோ இல்லாமல் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். பிறகு அலுவலர் வந்து "பத்து நகத்தில் இரண்டு எங்கே" என்று கேட்கும்போது விற்றுவிட்டதாகச் சந்தேகம் வராது.

அறிவித்த பிறகு அலுவலர் முன்னறிவிப்புக் கொடுத்து வீட்டுக்கு வந்து பட்டியல் எடுப்பார், குறியிடுவார். பொருள் சட்டப்படி வந்தது என்று அவர்கள் கருதினால்தான் உங்கள் பெயரில் சான்றிதழ் வரும். வாரிசு என்பதால் தானாகக் கிடைத்துவிடாது.

சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. பணத்துக்கோ, வேறு எந்த வணிகப் பலனுக்கோ கைமாற்றுவதை 43ஆம் பிரிவு தடுக்கிறது. சரி, சும்மா கொடுத்தால்? சான்றிதழ் இல்லாதவர் முதலாம் அட்டவணைப் பொருளைப் பெறும் ஒரே வழி வாரிசுரிமை. அதனால் நண்பருக்கு அன்பளிப்பு, மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் எல்லாம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துச் சிக்கவைக்கும். "ஆன்டிக்" என்று இணையத்தில் படம் போட்டு விலை கேட்பதே விற்பனைக்கு முன்வைத்தல் ஆகிவிடும்.

வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால், பொருளைக் கொண்டுபோன 30 நாட்களுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். ஆனால் பேக்கர்ஸ் நிறுவனத்தாரும் கூரியர்காரரும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதை ஏற்க வேண்டும் என்று 48ஏ பிரிவு சொல்கிறது. ஆகவே கிளம்பும் முன்னரே எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுவது நடைமுறைக்கு நல்லது. சோதனைச் சாவடியில் சான்றிதழின் அசல் கையில் இல்லாமல் நின்றால், பொருளும் வண்டியும் அங்கேயே நின்றுவிடும்.

படி 4: எந்தக் காகிதமும் இல்லையென்றால்

இங்கே பதற்றத்தில் செய்யும் காரியங்கள்தான் நிலைமையைக் கெடுக்கின்றன. எரித்துவிடாதீர்கள், ஆற்றில் விடாதீர்கள், அறுத்துத் துண்டாக்காதீர்கள். சட்டவிரோதமாக வேட்டையாடப்பட்ட விலங்கிலிருந்து வந்த பொருள் அரசுச் சொத்து. அதை அழிப்பது 39ஆம் பிரிவின்கீழ் இன்னொரு குற்றம். இரவோடு இரவாகக் காட்டோரம் போட்டுவிட்டு வருவதும் அப்படித்தான். அதோடு, அது யாரோ புதிதாக வேட்டையாடியதாக ஒரு விசாரணையைக் கிளப்பிவிடும்.

செய்ய வேண்டியது: பொருளைத் தொடாமல் படம் எடுங்கள். எப்போது, எங்கே கண்டெடுத்தீர்கள் என்று நாளும் நேரமும் குறித்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வீட்டில் கூட இருந்தவர் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திடட்டும். உடனே, 48 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனச்சரக அலுவலகத்திலோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். அரசுச் சொத்து எந்த வகையில் கைக்கு வந்தாலும் அந்தக் கெடு பொருந்தும். புலி, சிறுத்தை, யானைப் பொருள் என்றால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டுக் கொடுங்கள். ஆனால் வழக்கறிஞரைத் தேடுகிறேன் என்று இரண்டு வாரம் இழுக்க வேண்டாம்.

தாமாக முன்வந்து ஒப்படைத்தவரை எவரும் தொட மாட்டார்கள் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. இருந்தாலும் தாமாக எழுதிக் கொடுத்த தேதியிட்ட கடிதம் ஒன்று கோப்பில் இருப்பதும், சோதனையில் பிடிபட்டு மகசர் எழுதப்படுவதும் நீதிமன்றத்தில் ஒரே மாதிரி தெரியாது. அசட்டையாக இருந்தால் விலை பெரிது. முதலாம் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, ரூ.25,000க்குக் குறையாத அபராதம். மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். துப்பாக்கி பயன்பட்டிருந்தால் அதன் உரிமமும் போகும். ஐந்து ஆண்டுக்குப் புதிய உரிமம் கிடைக்காதபடி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

படி 5: புதிதாகக் கிடைத்தது, கறி, சாலையில் அடிபட்டது

வண்டியில் அடிபட்டுச் சாலையோரம் கிடக்கும் புள்ளிமான் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. செத்துக் கிடந்த விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்டதும் அரசுச் சொத்து என்று 39ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. உடலை எடுக்காதீர்கள், கொம்பைக் கழற்றாதீர்கள், தகவல் மட்டும் சொல்லுங்கள். காட்டுக்குள் நடைபயணம் போனவர் கொம்பைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் இதே கணக்குதான். சரணாலயத்துக்குள் என்றால் இன்னும் மோசம்.

தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு கொன்றால் அது குற்றமல்ல. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே வேறொரு வனக்குற்றம் செய்துகொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. கொன்ற விலங்கின் உடலும் உங்களுடையதல்ல, அரசுடையது.

பயிரைத் தின்னும் காட்டுப்பன்றி விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் உத்தரவு மாறுகிறது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாகச் சுட உத்தரவிடும் முறை இருக்கிறது. சுட்டதைப் புதைக்க வேண்டும், சாப்பிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் வந்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். சுடுவது வனத்துறை, தோட்டக்காரர் அல்ல. சுடும் அனுமதி கறிக்கோ தந்தப்பல்லுக்கோ அனுமதியாகாது. அவுட்டுக்காய் (வெடிமருந்து வைத்த தீனி) வைப்பது, விலங்கைக் கொல்ல மின்வேலி போடுவது, சுருக்குக் கண்ணி வைப்பது எல்லாம் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும், விலங்கு சிக்காவிட்டாலும்கூட.

உடும்புக் கறி, காட்டு முயல் கறி, காட்டில் பிடித்த காடை, கௌதாரி எல்லாம் கைவசம் இருந்தாலே குற்றம். குளிர்பெட்டியில் எடுத்த கறித்துண்டு எந்த விலங்குடையது என்று மரபணுச் சோதனை சொல்லிவிடும்.

கடலோரத்துக்காரர்களுக்கு ஒன்று. கரையில் ஒதுங்கிய, அல்லது வலையில் வந்த அம்பர்கிரிஸ் கோடிக்கணக்கில் போகும் என்று சொல்லி வாங்க வரும் தரகர்தான் பெரும்பாலும் வழக்கின் தொடக்கம். அது எண்ணெய்த் திமிங்கலத்திலிருந்து வருவது, முதலாம் அட்டவணை. கண்டெடுத்தவுடன் தகவல் சொன்னால் விஷயம் முடிந்தது.

படி 6: பாடம் செய்யக் கற்றுக்கொள்ள விரும்பினால்

காட்டு விலங்கைப் பாடம் செய்வதைத் தொழிலாக நடத்த 44ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். விண்ணப்பதாரரின் பின்னணி, அனுபவம் பார்த்துத் தருவார்கள். ஓராண்டுக்கு மட்டும் செல்லும். பிறர் பெயருக்கு மாற்ற முடியாது. பதிவேடும் கணக்கறிக்கையும் கட்டாயம். மறுத்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் 1986ஆம் ஆண்டுத் திருத்தம், உயர் பாதுகாப்பில் உள்ள விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலையே தடை செய்துவிட்டது. ஆகவே இன்று இந்தியாவில் புலியையோ சிறுத்தையையோ பாடம் செய்வது அருங்காட்சியகம், வனஉயிரியல் பூங்கா போன்றவற்றுக்காக, வனத்துறை அனுமதியோடு மட்டுமே நடக்கிறது. மும்பை போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் 2009இல் தொடங்கிய மையம் அப்படிப்பட்டது. காட்டில் இறக்கும் புலியின் உடலைப் பொதுவாக அலுவலர்கள் முன்னிலையில் எரித்துச் சாம்பலாக்கிவிடுகிறார்கள். உறுப்புகள் சந்தைக்குப் போகாமலிருக்கத்தான்.

புதியவருக்குத் திறந்திருக்கும் வழி வளர்ப்பு உயிரினங்கள்: நாட்டுக்கோழி, வாத்து, ஆடு, பண்ணை முயல், வளர்ப்பு நாய், பூனை, லவ் பேர்ட்ஸ், சந்தையில் வாங்கிய சாப்பாட்டு மீன். காடையைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். பண்ணையில் வளர்ந்தது, காட்டில் பிடித்தது என்ற வேறுபாட்டைத் தோலில் காட்டி நிரூபிப்பது கடினம். மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுப் பறவை இறந்து அதைப் பாடம் செய்யச் சொன்னால், பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் அது பதிவாகியிருக்கிறதா, உரிமையாளர் இறப்பைத் தெரிவித்தாரா என்று முதலில் கேளுங்கள். நோயில் செத்த பறவையை வாங்கவே வேண்டாம். பறவைக் காய்ச்சல் உங்கள் மேசைக்கு வந்துவிடும்.

முதல் கோழியை எடுக்கும் முன் ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு உடலுக்கும் ஒரு எண். எங்கிருந்து வந்தது, கொடுத்தவர் பெயர், தொலைபேசி எண், ரசீது, இறந்த காரணம், வந்த நாள், முடித்த நாள், யாரிடம் போனது. அதே எண்ணை அழியாத மையால் பிளாஸ்டிக் அட்டையில் எழுதி, உடலின் காலில் கட்டுங்கள். குளிர்பெட்டியில் அட்டை இல்லாத பொட்டலம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உறைந்த, தோலுரித்த சிறு பறவையைப் பார்த்து எவரும் இனம் சொல்ல முடியாது. சோதனைக்கு வந்தவர் சந்தேகப்பட்டால் ஆய்வு முடியும்வரை பெட்டியே முத்திரையோடு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் "கிளி செத்துக் கிடந்தது, உனக்கு உதவும்" என்று கொண்டுவருவதை வாங்காதீர்கள். ஆந்தை, மீன்கொத்தி, காகம் எல்லாம் இதில் சேரும்.

வேலை முறையைச் சுருக்கமாகச் சொன்னால், ஒன்றரைக் கிலோ நாட்டுச் சேவல் நல்ல தொடக்கம். பிராய்லர் வேண்டாம், தோல் மெல்லியது, அடியில் கொழுப்பு அதிகம், விரல் பட்டாலே கிழியும். வெந்நீரில் முக்காமல் முழுதாக வாங்குங்கள். இறகில் பட்ட இரத்தத்தை உடனே குளிர்ந்த நீரில் துடையுங்கள். அன்றே வேலை செய்ய முடியாவிட்டால் காற்றுப் போகாத பையில் உறைய வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒருநாள் வைத்து இளக்குங்கள். மார்பெலும்பின் மேல் கீறி, தோலை உரிக்க உரிக்க மரத்தூளோ போராக்ஸோ தூவினால் ஈரம் இறகுக்குப் போகாது. வாலடிச் சதையை மிச்சம் வைத்தால் அங்கிருந்துதான் அழுகும். அதிகமாகச் சுரண்டினால் வால் இறகு கழன்று விழும். உட்புறக் கொழுப்பைக் கடைசிவரை சுரண்டி, பாத்திரச் சோப்பில் கழுவி, ஹேர் டிரையரில் இறகு உப்பும்வரை உலர்த்துங்கள். உள்ளே 100 முதல் 150 கிராம் போராக்ஸ் போதும். உருவத்தை, எடுத்த உடலின் அளவுக்கே மரநாரில் கட்டுங்கள். புதியவர்கள் எல்லோரும் பெரிதாகத்தான் கட்டுவார்கள். தையல் பிரிந்து கழுத்து தடித்துவிடும். முடிந்தபின் இரண்டு மூன்று வாரம் நிழலில் காயட்டும். கொழுப்பு மிச்சமிருந்தால் சில மாதத்தில் மஞ்சள் எண்ணெய் கசிந்து இறகைக் கெடுக்கும். அதன் பிறகு சரிசெய்ய வழியில்லை.

முயல், ஆடு போன்றவற்றின் தோலுக்கு, எடைக்குச் சம எடைத் தூள் உப்பு. தேய்த்து ஒருநாள் சாய்வாக வைத்து, நீரை வடித்து, புது உப்பில் மீண்டும் ஒருமுறை. காது மடலையும் உதட்டையும் உள்பக்கம் பிரிக்காமல் விட்டால் உப்பு அங்கே போகாது. முதலில் முடி கொட்டுவது அந்த இடங்களில்தான்.

படி 7: பழைய பாடப் பொருளைப் பராமரிப்பது

பழைய காலத்தில் தோலுக்குப் பூச்சி வராமலிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவினார்கள். அந்த விஷம் இன்னமும் அப்படியே இருக்கும். வெறுங்கையால் தட்டாதீர்கள், குழந்தைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். கையுறை, என்95 முகக்கவசம், மென்மையான தூரிகை, அவ்வளவுதான். அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருந்தால் தோல் வெடிக்காது, பூஞ்சை வராது. கீழே தவிட்டு நிறத் தூள் கொட்டினால் தோல்வண்டு வந்துவிட்டது என்று பொருள். சிறிய பொருளைப் பையில் மூடி, மைனஸ் 20 பாகையில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்துச் சில நாள் விட்டு, மீண்டும் இரண்டு வாரம் உறைய வைத்தால் முட்டையும் சாகும்.

உடைந்த காதை ஒட்டுவதற்கு வெளியே கொடுப்பதானால், மாவட்ட வன அலுவலரிடம் எழுதி அனுமதி வாங்கிய பிறகே அனுப்புங்கள். பழுது பார்ப்பவர் கையில் இருக்கும் நாட்களில் பொருள் அவருடைய கைவசம். கேள்வியும் அவரிடம்தான் வரும்.

படி 8: வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால்

2022 திருத்தம் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது. சான்றிதழ் வைத்திருப்பவர் ஏழு வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பொருளை ஒப்படைக்கலாம். இழப்பீடு எதுவும் கிடையாது. ஒப்படைத்த நாளிலிருந்து சான்றிதழ் ரத்தாகும், பொருள் மாநில அரசுக்குச் சொந்தமாகும். அதை ஏலம் விட்டு யாருக்கும் விற்க முடியாது என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது.

ஒப்படைக்கும்போது பொருட்பட்டியலில் எண், அளவு, எடை, குறி எல்லாம் நீங்கள் முன்பு எழுதியதோடு ஒத்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். "தந்தம் – 2" என்று மட்டும் எழுதிய ரசீதை ஏற்காதீர்கள். அலுவலரின் பெயர், பதவி, அலுவலக முத்திரை, நாள் நான்கும் இருக்கும் நகலை வாங்கி, ரத்தான சான்றிதழின் நகலோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் வேறொரு வாரிசு "அந்தத் தந்தம் எங்கே" என்று கேட்டால் காட்டுவதற்கு அது வேண்டும்.